காட்டுப்பள்ளி ஆலையின் உவர்க்கழிவிலிருந்து உப்பு எடுத்தால் என்ன?

மீஞ்சூர் ஆசிரியை கேட்டது:

மீஞ்சூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். கரைசல்கள் பாடத்தில், அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே நீரை மட்டும் வடிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலுக்கு எடுத்துக்காட்டுத் தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தருவதற்காக 2010ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்ட ஆலை பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில் இருக்கிறது. அந்த அளவு நன்னீருக்கு ஏறத்தாழ 23.7 கோடி லிட்டர் கடல்நீரை இழுக்க வேண்டும் என்றும், எஞ்சும் 13.7 கோடி லிட்டர் நீர் ஒன்றே முக்கால் மடங்கு உப்புச் செறிவோடு கடலுக்கே திரும்புகிறது என்றும் கரும்பலகையில் எழுதினேன். அப்போது அத்திப்பட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "எங்கள் தாத்தா அந்த உப்புக்காகத்தானே மிஸ் வெயிலில் நின்றார், அதை ஏன் மறுபடியும் கடலிலேயே கொட்டுகிறார்கள்?" என்று கேட்டாள். பாடநூலில் இதற்கு விடை இல்லை, என்னிடமும் இல்லை.

எனவே ஏப்ரல் மாதத்தில் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். நெட்டுக்குப்பம் கடற்கரையில் 20 லிட்டர் கடல்நீரை எடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, பள்ளியின் மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி அதன்மேல் கருப்புத் தார்ப்பாய் விரித்த ஒரு சதுர மீட்டர் தொட்டியில் ஊற்றினோம். முதலில் தார்ப்பாயின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல ஒரு மெல்லிய படலம் படிந்தது. அதற்குப் பிறகு சின்னச் சின்னச் சதுரங்களாக உப்பு மிதந்து வந்து அடியில் இறங்கியது. ஏழாம் நாள் முழுவதும் காய்ந்துவிட்டது என்று எண்ணி வாரியெடுத்தபோது அறுநூறு கிராமுக்குச் சற்று மேல் இருந்தது. ஆனால் அந்த உப்பு நாக்கில் வைத்தால் கசந்தது; எவர்சில்வர் டப்பாவில் மூடி வைத்ததோ மறுநாள் காலையில் அடியில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

இத்துறையில் உள்ளவர்களிடம் நான் அறிய விரும்புவது இதுதான். ஏற்கெனவே பாதி வழி செறிவூட்டப்பட்டுவிட்ட இந்த நீரை உப்பளங்களுக்குத் திருப்பிவிடுவதில் உள்ள தடை என்ன? மக்னீசியம், புரோமின், லித்தியம் என்றெல்லாம் செய்திகளில் வருகின்றனவே, அவை உண்மையில் எடுக்கத்தக்க அளவில் இருக்கின்றனவா? உலகில் எங்கேனும் இதை நடைமுறையில் செய்கிறார்களா? மாணவிக்குப் பொய் சொல்லாமல் விடை சொல்ல வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாகக் கேட்கிறேன்.


திருவொற்றியூர் சவ்வுக்காரர் எழுதியது:

அம்மா, வளைகுடா நாடுகளில் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிவிட்டு இப்போது திருவொற்றியூரில் ஓய்வாக இருப்பவன் நான். காட்டுப்பள்ளி ஆலையில் நான் வேலை செய்ததில்லை. ஆகவே நீங்கள் கொடுத்த அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் மாணவியின் கேள்வி நியாயமானது. ஆனால் இதன் தடை வேதியியலில் இல்லை, பெருக்கல் கணக்கில் இருக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்புகள் என்று வைத்துக்கொண்டால், 23.7 கோடி லிட்டரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,300 டன் உப்புகள் ஆலைக்குள் வருகின்றன. கிட்டத்தட்ட அவ்வளவும் கழிவுநீரோடு வெளியே போகின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் சமையல் உப்பு, அதாவது சுமார் 6,400 டன். பத்து டன் ஏற்றும் லாரியில் அனுப்பினால் ஒரு நாளைக்கு 640 லாரி. இரவும் பகலும் ஓயாமல் இரண்டேகால் நிமிடத்துக்கு ஒரு லாரி. கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்பதை நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் இது 23 லட்சம் டன்னைத் தாண்டும். இந்தியா முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 300 லட்சம் டன் உப்பு விளைகிறது, அதிலும் முக்கால் பங்குக்கு மேல் குஜராத்தில் விளைகிறது என்பதோடு ஒப்பிட்டால், ஒரே ஓர் ஆலையின் கழிவு ஒரு மாநிலத்தின் உப்புச் சந்தையையே புரட்டிப்போடும் அளவுடையது என்பது விளங்கும்.

இனி அதைக் காய வைக்கும் இடத்தைப் பாருங்கள். மழையே இல்லாத நாட்களில் சராசரியாக 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது என்று தாராளமாகவே கொண்டாலும், நாளொன்றுக்கு வரும் நீரை உப்பாக்க 34 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 8,500 ஏக்கர் பரப்பு வேண்டும். கிண்டி தேசியப் பூங்காவைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல். இதை வெயிலுக்கு விடாமல் இயந்திரத்தில் ஆவியாக்கினால் இடம் மிஞ்சும், மின்சாரம் போய்விடும். கடல்நீரிலிருந்து ஒரு கன மீட்டர் குடிநீர் எடுக்க இன்று 3 முதல் 4 யூனிட் ஆகிறது. கழிவை இயந்திரத்தில் செறிவூட்டவோ கன மீட்டருக்கு 15 முதல் 25 யூனிட் வரை பிடிக்கும். 10 கோடி லிட்டர் ஆலை ஒரு நாளைக்குச் சுமார் மூன்றரை லட்சம் யூனிட்டில் ஓடுகிறது என்றால், அதன் கழிவைக் கெட்டியாக்க மட்டும் 27 லட்சம் யூனிட் வேண்டும். கொசுறு வாங்கப் போய்க் குடும்பச் சொத்தை விற்றதுபோல் ஆகிவிடும்.

லித்தியத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். கடல்நீரில் அது லிட்டருக்கு 0.17 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. இந்த ஆலைக்குள் வரும் நீர் முழுவதிலும் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பது கிலோ. அதைப் பிடிக்க 13.7 கோடி லிட்டரை வடிக்க வேண்டும். செய்தித்தாளில் படிக்க நன்றாக இருக்கும். மக்னீசியத்தின் நிலை வேறு, லிட்டருக்கு 1.3 கிராம் வீதம் நாளைக்கு 300 டன் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே விவரம் அறிந்த வேறு யாரேனும் எழுதுவார்கள்.

ஆனால் கழிவுநீரை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை என்ற எண்ணமும் சரியன்று. சவ்வுக்குள் கடல்நீரை 60 பாருக்கு, அதாவது காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளுகிறோம். கழிவு வெளியே வரும்போது அந்த அழுத்தத்தில் சிறிதளவே குறைந்திருக்கும். பீங்கானால் ஆன சுழலி ஒன்றின் துளைகளுக்குள் கழிவு ஒரு பக்கமும் புதிய கடல்நீர் மறுபக்கமும் நுழைய, கழிவு தன் அழுத்தத்தைக் கடல்நீருக்குக் கைமாற்றிவிட்டுச் சோர்ந்து வெளியேறுகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கன மீட்டருக்கு 7, 8 யூனிட் குடித்த பழைய ஆலைகளையும் பார்த்திருக்கிறேன். அது பாதியாகக் குறைந்ததில் பெரும்பங்கு இந்தக் கைமாற்றுக்கு உரியது. கழிவிலிருந்து காசு எடுத்தவர்கள் உண்டா என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்தச் சுழலியைத்தான்.


அத்திப்பட்டு உப்பளத்தார் எழுதியது:

சவ்வுக்கார ஐயா போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் முழு நீரையும் உப்பாக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பத்தில் ஒரு பங்கைத் திருப்பிவிட்டால் போதாதா என்று கேட்கும் உரிமை எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கிறது. என் பாட்டனாரும் தந்தையாரும் அத்திப்பட்டுப் பக்கம் குத்தகைக்கு உப்பளம் வைத்திருந்தவர்கள். எங்கள் பாத்திகள் இப்போது கோரையும் உமரியும் முளைத்துக் கிடக்கின்றன. பேசின் பாலம் அருகே உள்ள ரயில்வே சரக்கு நிலையத்தை இன்றும் சால்ட் கோட்டர்ஸ் என்றுதான் அழைக்கிறோம். அங்கே உப்புக் கிடங்கு இருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இப்போது அந்தப் பெயர்தான் சாட்சி.

உப்பளக் கணக்கு டிகிரிக் கணக்கு; இது வெப்பம் அன்று, நீரின் உப்புச் செறிவை மானியில் பார்க்கும் போமே அளவு. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வரும். அதைப் பெரிய தேக்கங்களில் மாற்றி மாற்றி விட்டு வெயிலில் வற்ற வைத்தால், வழியில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துகொண்டே வரும். ஆசிரியையம்மா தார்ப்பாயில் முதலில் பார்த்த படலம் அதுதான். 25 டிகிரி எட்டும்போது, வந்த கடல்நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் அதைப் பாத்திக்கு விடுவார்கள், அங்கேதான் உப்பு விளையும். ஆக ஓர் உப்பளத்தில் நிலம் பெரும்பாலும் உப்பு விளைய அல்ல, நீரை வற்ற வைக்கவே செலவாகிறது. ஆலைக் கழிவு ஒன்றே முக்கால் மடங்கு செறிவோடு வருமானால், அதே உப்புக்கு வற்ற வைக்க வேண்டிய நீர் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஒரு குத்தகைதாரருக்கு இது சின்ன விஷயம் அன்று. அதே நிலத்தில் விளைச்சல் கூடும்.

இப்படிச் செய்த ஊர் ஒன்று உண்டு. இஸ்ரேல் நாட்டின் தென்கோடியில் செங்கடல் ஓரம் இருக்கும் எய்லாத் நகரில், 1997ஆம் ஆண்டு முதல் சுத்திகரிப்பு ஆலையின் கழிவைக் கடல்நீரோடு கலந்து பக்கத்து உப்பளத்துக்கு விடுகிறார்கள். ஆனால் அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 30 மில்லிமீட்டர் அளவுதான், நமக்கோ 1,400. ஐப்பசியில் வானம் திறந்தால் எங்கள் தந்தையார் தேக்கத்தில் இருக்கும் 20 டிகிரித் தண்ணீரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இரண்டு நாள் மழையில் அது மறுபடி கடல்நீர் ஆகிவிடும். ஆகவே இங்கே தை பிறந்த பிறகு தொடங்கிப் புரட்டாசி வரைதான் உப்பு வேலை. மழைக்காலம் மூன்று மாதமும் ஆலைக் கழிவு நிற்குமா? நிற்காது. அந்த மாதங்களில் அது கடலுக்குத்தான் போயாக வேண்டும்.

இன்னும் ஒரு சந்தேகமும் உண்டு. சவ்வில் படிவு ஏறாமல் இருக்க ஆலைகளில் ஒரு மருந்து கலக்கிறார்கள் அல்லவா, அது கழிவோடு சேர்ந்து வந்தால் தேக்கத்தில் படிய வேண்டிய ஜிப்சம் காலந்தாழ்ந்து பாத்திக்குள் வந்து உப்போடு சேர்ந்து படியும். கிலோவுக்குச் சில ரூபாய் மட்டுமே கிடைக்கும் பொருளுக்குத் தரமும் குறைந்தால் வாங்க ஆள் இருக்காது.

ஆசிரியையம்மாவின் உப்பு ஏன் கசந்தது என்பதற்கு மட்டும் நான் உறுதியாக விடை சொல்ல முடியும். நீங்கள் கடைசிச் சொட்டு வரை காய வைத்துவிட்டீர்கள். 29, 30 டிகிரியில் நிறுத்தி, மேலே நிற்கும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். மக்னீசியம் எல்லாம் அந்த நீரில்தான் இருக்கும். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதும் அதுதான். உப்பளத்தில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துச் சில நாட்கள் விட்டுவைப்பதும் ஒட்டியிருக்கும் கசப்பு வடியட்டும் என்பதற்காகத்தான். அவசரமானால், உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த உப்பு நீரால் ஒருமுறை அலசுங்கள். நல்ல தண்ணீரில் அலசினால் உப்பே கரைந்துபோகும்.


மணலி ஆய்வகத்தார் எழுதியது:

மணலியில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். சவ்வுக்கார ஐயா என்னைப் போன்ற ஒருவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு மக்னீசியத்தில் தொடங்குகிறேன்.

நாளொன்றுக்கு 300 டன் மக்னீசியம் இருப்பது உண்மை. அதை எடுக்கும் முறையும் பழையது. நீற்றிய சுண்ணாம்பைக் கலந்தால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்குழம்பாக இறங்கிவிடும். ஆனால் ஓர் அணு மக்னீசியத்துக்கு ஓர் அணு கால்சியம் கொடுத்தாக வேண்டும் என்பதால், 300 டன்னையும் இறக்கச் சுமார் 700 டன் சுட்ட சுண்ணாம்பு நாள்தோறும் வேண்டும். அதைச் சுடும்போது எரிபொருளின் புகை நீங்கலாக, சுண்ணாம்புக்கல்லிலிருந்து மட்டும் 550 டன் கரியமில வாயு வெளியேறும். கழிவைப் பயனுள்ளதாக்குகிறோம் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு மறுபக்கம் சூளை கட்டுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. மேலும் கழிவில் சல்பேட் இருப்பதால், சுண்ணாம்பின் கால்சியம் அதோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து மக்னீசியத்தின் தூய்மையைக் கெடுக்கவும் கூடும்.

காஸ்டிக் சோடா ஆலைகளுக்கு இந்த நீரைக் கொடுக்கலாமே என்று பலர் கேட்பதுண்டு. அவர்களுடைய மூலப்பொருளே உப்புக் கரைசல்தான் என்பதால் கேள்வி இயல்பானது. ஆனால் அவர்களுக்கு லிட்டருக்கு 300 கிராம் உப்புள்ள நிறைசெறிவுக் கரைசல் வேண்டும். நம் கழிவில் எல்லா உப்பும் சேர்ந்தே 60 கிராம்தான். அதைவிடப் பெரிய தடை கால்சியமும் மக்னீசியமும். காஸ்டிக் சோடா உண்டாகும் சவ்வு மின்கலத்துக்குள் போகும் கரைசலில் இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நான் அத்தகைய மாதிரிகளைச் சோதித்திருக்கிறேன். கண்ணாடிக் குடுவையை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே மாதிரி பிடித்தால் அந்த ஈரத்தில் உள்ள கால்சியமே அளவைத் தாண்டிவிடும், ஆகவே பிளாஸ்டிக் குப்பியை அமிலத்தில் ஊறவைத்துத்தான் எடுப்போம். கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்க, கழிவில் அவை இன்னும் கூடியிருக்க, அங்கிருந்து இந்த அளவுக்கு இறங்குவது எவ்வளவு நெடும்பயணம் என்று பாருங்கள்.

என் கருத்தில், பிரித்தெடுப்பதற்கு முன் பிரித்து வைப்பதே வழி. நானோ வடிகட்டிச் சவ்வு என்று ஒன்று உண்டு. அது சோடியத்தையும் குளோரைடையும் பெருமளவு போகவிட்டு, கால்சியம், மக்னீசியம், சல்பேட் ஆகிய இரட்டை மின்னூட்டம் கொண்ட ஈரிணைதிற அயனிகளைத் தடுத்து நிறுத்தும். சவூதி அரேபியாவில் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே உம்லுஜ் ஆலையில் கடல்நீரை முதலில் இதன் வழியே செலுத்திவிட்டுப் பிறகு குடிநீர்ச் சவ்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்படிச் செய்தால் ஒரு பக்கம் மக்னீசியம் மிகுந்த நீரும் மறுபக்கம் ஏறத்தாழத் தனி உப்பு நீரும் கிடைக்கும்; உப்பளத்தார் அஞ்சிய ஜிப்சமும் குறையும். ஜப்பானில் 1972ஆம் ஆண்டில் உப்பு வயல்களையெல்லாம் விட்டுவிட்டு, அயனிப் பரிமாற்றச் சவ்வும் மின்சாரமும் கொண்டு கடல்நீரைச் செறிவூட்டி, பிறகு காய்ச்சி உப்பெடுக்கும் முறைக்கு நாடே மாறியது. ஆகவே தொழில்நுட்பம் புதிதன்று. வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் உப்பள உப்பின் விலைக்கு ஈடு கொடுக்க இதனால் முடிவதில்லை, அவ்வளவே.

இன்னொன்று எனக்குப் பிடித்த யோசனை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019ஆம் ஆண்டில், கழிவுநீரிலிருந்து காஸ்டிக் சோடாவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் நேரடியாக மின்முறையில் உண்டாக்கி அதே ஆலையிலேயே பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். குடிநீர் ஆலைகள் காஸ்டிக்கை விலைக்கு வாங்குகின்றன. உள்வரும் நீரின் காரத்தன்மையைச் சரிசெய்யவும் சவ்வைக் கழுவவும் அது வேண்டும். சந்தை தேட வேண்டாம், லாரி வேண்டாம், கழிவில் ஒரு சிறு கிளையைத் திருப்பினால் போதும். இந்தக் கழிவில் விலை மதிப்புள்ளது உப்பு அன்று. அதைச் செறிவூட்ட ஏற்கெனவே செலவழித்த மின்சாரம்தான். செறிந்த நீர் வேண்டியவர் அந்த வேலியை ஒட்டியே இருந்தால்தான் அந்த மதிப்பு நிற்கும். பத்து மைல் தள்ளி இருந்தால் குழாய்ச் செலவில் கரைந்துவிடும்.


மீஞ்சூர் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது வேறொரு மாணவர், சவ்வூடு பரவலைத் திருப்பிப் போட்டு மின்சாரம் எடுக்கலாம் என்று காணொளி ஒன்றில் பார்த்ததாகச் சொன்னார். கழிவுநீர் ஒரு பக்கம், கொடுங்கையூரில் சுத்திகரிக்கப்பட்ட சாக்கடை நீர் மறுபக்கம், நடுவில் சவ்வு என்று படமே வரைந்து கொண்டுவந்துவிட்டார். இது நடக்கக்கூடியதா?


திருவொற்றியூர் சவ்வுக்காரர் எழுதியது:

அந்தத் தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்; அவர் வரைந்த படம் ஜப்பானில் கட்டிடமாகவே நிற்கிறது. ஃபுகுவோகா நகரில் நாளொன்றுக்கு 5 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் ஆலை ஒன்று இருக்கிறது. அதன் கழிவையும் சுத்திகரித்த சாக்கடை நீரையும் சவ்வின் இரு பக்கங்களில் விட்டு, நன்னீர் உப்புப் பக்கம் நகரும்போது ஏறும் அழுத்தத்தால் சுழலியை ஓட்டும் மின்நிலையத்தை 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அங்கே தொடங்கினார்கள். வெறும் கடல்நீரைவிடக் கழிவில் உப்பு மிகுதி என்பதால் இழுவிசையும் மிகுதி. ஆகவே கழிவு இங்கே உண்மையிலேயே கடல்நீரைவிட உயர்ந்த பொருள்.

ஆனால் அதிலிருந்து ஓர் ஆண்டில் கிடைக்கும் என்று அவர்கள் சொல்வது ஏறத்தாழ 8.8 லட்சம் யூனிட். நான் முன்பு சொன்ன மூன்றரை லட்சம் யூனிட்டை நினைவுபடுத்திக்கொண்டால், நம் ஊர் அளவிலான ஓர் ஆலை இரண்டரை நாட்களில் உண்ணும் மின்சாரம் அது. அதிகம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேனே தவிர, முயற்சியைக் குறைத்துப் பேசவில்லை.

நம் ஊரில் வேறொரு சிக்கலும் உண்டு. கொடுங்கையூரில் 2019ஆம் ஆண்டு முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் சாக்கடை நீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, அதையும் எதிர்ச் சவ்வூடு பரவலில் வடித்து, மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அந்த நீரால் மெட்ரோ வாட்டர் குடிநீர் அதே அளவுக்கு வீடுகளுக்கு மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட நீரைச் சில யூனிட் மின்சாரத்துக்காக உவர்க்கழிவில் கலந்து கடலில் விடுவது, சென்னையைப் போல் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் நகரத்துக்குப் பொருந்தாது. அந்த ஆலையிலும் வடித்தது போக மிஞ்சும் கழிவு ஒன்று உண்டு. கடல்நீர்க் கழிவோடு ஒப்பிட்டால் உப்பு மிகக் குறைந்த அதைத்தான் இந்தச் சோதனைக்கு எடுக்கலாம். அதிலுள்ள அழுக்கு சவ்வை எவ்வளவு விரைவில் அடைக்கும் என்பதே அப்போது எழும் கேள்வி.


பழவேற்காடு கரையார் எழுதியது:

நான் படகில் போகிறவன், கணக்கு தெரியாது. உப்பெடுங்கள், மக்னீசியம் எடுங்கள், மின்சாரம் எடுங்கள். எல்லாம் எடுத்த பிறகு கடலுக்கு வரும் தண்ணீர் கடல் தாங்கும்படி இருக்குமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். எடுத்துவிட்டோம் என்ற பெயரைச் சொல்லி எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் விடுவதற்கு இது வழியாகிவிடக் கூடாது.


மணலி ஆய்வகத்தார் எழுதியது:

அண்ணன் கேட்டது நாங்கள் எல்லோரும் தாண்டிச் சென்ற இடம். நேராகவே விடை சொல்கிறேன். சுண்ணாம்பு கொண்டு மக்னீசியத்தை எடுத்தால், அதன் இடத்தில் அதே எண்ணிக்கையில் கால்சியம் நீருக்குள் போகிறது. கால்சியம் மக்னீசியத்தைவிடக் கனமானது. ஜிப்சமாகப் படிவது போக, மிஞ்சும் நீரில் உப்பின் எடை குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடவும் செய்யலாம். லித்தியம், புரோமின் போன்றவற்றை எடுப்பதாலும் கடலுக்குப் போகும் நீரின் உவர்ப்பில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இராது. சமையல் உப்பை எடுத்தால் மட்டுமே உவர்ப்பு உண்மையில் இறங்கும். அதன் கணக்கை மேலே பார்த்தோம்.

ஆகவே எதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கழிவு கடலில் எப்படி விடப்படுகிறது என்பது தனிக் கேள்வியாகவே இருக்கும். உவர்க்கழிவு கடல்நீரைவிடக் கனம் என்பதால் மேலே மிதக்காமல் அடியில் இறங்கித் தரையோடு பரவும். அடிமண்ணில் வாழும் உயிர்களைத்தான் அது முதலில் தொடும். பல துளைகள் வழியே மேல்நோக்கி வேகமாகப் பீய்ச்சினால் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் பெருமளவு கலந்துவிடும். ஒரே வாயில் சாந்தமாக விட்டால் கலக்காது. பொருள் எடுக்கும் திட்டம் எதுவானாலும், அதை இந்த ஏற்பாட்டுக்கு மாற்றாகக் காட்டினால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.


மீஞ்சூர் ஆசிரியை எழுதியது:

உப்பளத்தார் ஐயா சொன்னபடி இரண்டாம் முறை செய்து பார்த்தோம். டிகிரி பார்க்கும் கண்ணாடி மானியை அந்த மாணவியின் தாத்தாவே வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தந்தார். கூடவே தாமும் மாடிக்கு வந்து, மானியைப் பாராமலே நீரை விரலில் தொட்டு ஒட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு பொழுது போகட்டும்" என்றார். மானியை விட்டுப் பார்த்தோம், 28 காட்டியது.

மறுநாள் 30 டிகிரியில் வடித்தோம். நிறைசெறிவு உப்பு நீரில் அலசிக் காய வைத்த பிறகு 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே உப்புக் கிடைத்தது. முன்பைவிட அளவு குறைவுதான், ஆனால் டப்பாவில் ஒரு வாரமாகியும் கையில் ஒட்டாமல் உதிர்கிறது. வடித்த கசப்பு நீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றியபோது லேசான கலங்கல்தான் வந்தது. சுண்ணாம்பைக் குழைத்தே விட்டபோது பால் திரிந்தாற்போல வெண்மையாக இறங்கியது. அதில் எவ்வளவு மக்னீசியம், எவ்வளவு ஜிப்சம் என்று பிரித்துப் பார்க்க எங்கள் ஆய்வகத்தில் உள்ள பொருட்களைக் கொண்டே ஏதேனும் வழி இருந்தால் மணலி ஆய்வகத்தார் தெரிவிக்க வேண்டுகிறேன். மீதிப் பாதியைப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் புட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம். அதை எங்கே கொட்டுவது என்று மாணவி கேட்கிறாள்.